அரைக்கைச் சட்டை

மகள் இலவசச் சீருடையைப் பிரித்ததும் புதுத்துணியின் கஞ்சி மணம் குப்பென்று வந்தது. எண்பதுகளில் நான் படித்த, இப்போது அவளும் படிக்கும் கொடைக்கானல் பள்ளிக்கு முதன்முதலாக வந்த சட்டைக்கும் இதே மணம்தான்.

ஏழை, பணக்காரன் வித்தியாசம் தெரியக்கூடாதென்று அரசாங்கம் கொடுத்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் மதுரை வெயிலுக்குத் தைத்த அரைக்கை! பனியில் பற்கள் தந்தியடித்தன. மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம். பூண்டு வியாபாரி மகனுடையது புதுசு, என்னுடையது ஒட்டுப்போட்டது. அதிகாரி பார்வையிட வந்த அன்று, எல்லோரையும் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்கள்.

அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள். "ஏன் சார், பிள்ளைக வெறைச்சுப்போய் நிக்குதுகளே, இதுக்குப் பேருதான் சமமாங்க?"

அதிகாரி மப்ளரை இறுக்கிக்கொண்டார். "நீங்களே பாருங்கம்மா, இதுல எந்தப் பிள்ளை ஏழைன்னு தெரியுதா?"

தெரியவில்லைதான். எல்லோருடைய உதடும் நீலம் பாரித்திருந்தது.

மகளின் சட்டையை விரித்துப் பார்த்தேன். இன்றைக்கும் அரைக்கைதான்.