அவிழ்த்தது நான்தான்

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த வருடம் அது. எஞ்சின் படகுகள் கடலுக்குப் போகவில்லை. மன்னார் கீரிக் கடற்கரையில் கரைவலை இழுக்க ஆள் தேடினார்கள். வெள்ளாங்குளத்திலிருந்து நானும் தங்கையின் புருஷனும் போனோம். வயலில் கூலி வேலை இல்லாத நேரம். தங்கை வயிற்றில் பிள்ளை.

நாங்கள் அப்பா காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். கடல் பழக்கமில்லை. கயிறு இழுக்கப் படிப்பு வேண்டாம் என்று போனோம்.

இழுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. இடுப்பில் ஒரு பட்டி. பட்டியில் சின்னக் கயிறு. அதன் நுனியில் ஒரு மரக்கட்டை. வலையின் பெரிய கயிற்றில் அதைச் சுற்றினால் இறுகிப் பிடிக்கும். பிறகு கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்து இழுக்க வேண்டும். முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும். பின்னால் நடப்பது தெரியாது.

அன்று காலை எனக்குப் பின்னால் மச்சான். அவருக்குப் பின்னால், கடைசி ஆளாக, பல வருடம் கயிறு இழுத்த ஒருவர். எங்களைப் போல வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவர்தான். வாய் ஓயாது.

“ஏய் கொழுந்து, இது தேயிலைக் கூடை இல்லையடா. சாஞ்சு இழு!”

மச்சானும் சும்மா இருக்கமாட்டார். “அண்ணை வாயால இழுக்கிறதைக் கயித்தில இழுத்தா, வலை எப்பவோ கரைக்கு வந்திருக்கும்.”

முன்னால் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தோட்டக்காட்டான் என்று இழிவாகச் சொன்னார். பிறகு என் தங்கையைப் பற்றி ஒன்று சொன்னார். அதை எழுதமாட்டேன். மச்சான் பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஓர் அடி விழுந்த சத்தம் கேட்டது. உடனே இன்னொரு சத்தம், கனமாக. திரும்பினேன். அந்த மனிதர் மணலில் கிடந்த நங்கூரத்தின் மேல் விழுந்திருந்தார். தலையில் இரத்தம். மச்சானின் உதடு கிழிந்திருந்தது.

“அவர் அடிச்சவர். நான் தள்ளினனான்,” என்றார் மச்சான். 

விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மச்சானைப் பொலிஸ் கொண்டுபோனது. கயிறு இழுத்த நாங்கள் சிலர் பின்னால் போனோம். அந்த ஆள் பேசியது எல்லாவற்றையும் சொல்வது என்று வழியிலேயே முடிவு. அதைக் கேட்டால் மச்சானை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம்.

சார்ஜன்ட் பொறுமையாகக் கேட்டு எழுதினார். ஒருவர் தோட்டக்காட்டான் என்றதைச் சொன்னார். அடுத்தவர் தங்கையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னார். மூன்றாவது ஆள் அதையே எழும்பி நின்று நடித்துக் காட்டினார். சார்ஜன்ட் பேனையை நிறுத்தினார்.

“இவ்வளவையும் கேட்டா எனக்கே கை வரும். அப்ப உங்கட ஆள்தானே முதல் அடிச்சிருப்பார்?”

நடித்தவர் திரும்ப இருந்துவிட்டார். சார்ஜன்ட் தொடர்ந்தார்.

“வாயால சொன்னதுக்கு அடிக்கச் சட்டத்தில இடமில்லை. அடிக்க வந்தா தடுக்கலாம். அதுவும் தடுக்கிற அளவுக்குத்தான். முதல் கை நீட்டினது ஆர்? ஆர் கண்டது?”

ஒருவரும் காணவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பின்னால் கயிற்றைச் சுருட்டியவர் அடிபட்டவரின் தம்பி. மச்சான் கட்டையை அவிழ்த்துக்கொண்டு பின்னால் போய் அடித்தார் என்று அவர் முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

வெளியே வாங்கில் இருந்தேன். கூட வந்தவர் காதுக்குள் சொன்னார். “அவர்தான் முதல் அடிச்சவர், கண்டனான் எண்டு சொல்லுங்கோ. பக்கத்தில நிண்டது நீங்கள்தானே.”

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நான் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த ஆள் இன்னும் கண் திறக்கவில்லை என்றார்கள். திறக்காமலே போனால்? மச்சான் மறியற்சாலைக்குப் போய்விடுவார். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் வீட்டில் இல்லை. காண்கிற எல்லாவற்றிலும் அதுவே தெரிந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். கதிரையில் இருந்தேன். பொய் சொல்வதா என்று இன்னும் முடிவில்லை. கையை மேசையில் வைத்தேன். விரலில் இரத்தம் காய்ந்திருந்தது. மேசைக்குக் கீழே இழுத்தேன். சார்ஜன்ட் கண்டுவிட்டார்.

“கையைக் காட்டுங்கோ. என்ன இரத்தம்? நீங்களும் அடிச்சனீங்களோ?”



“இல்லை சேர். கட்டையை அவிழ்க்கேக்க நகம் கிழிஞ்சது.”

“ஆற்ற கட்டை?”

“மச்சான்ர.”

“எப்ப?”

“அந்தாள் விழுந்த பிறகு.”

சார்ஜன்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்கட மச்சானே அவிழ்த்துக்கொண்டு போய் அடிச்சவர் எண்டுதானே முறைப்பாடு.”

“அவிழ்த்தது நான்தான் சேர். முன்னால நிண்டவைக்கு விஷயம் தெரியாது. இழுத்துக்கொண்டே இருந்தவை. கயிறு மச்சானையும் சேர்த்து இழுத்தது. கட்டை இறுகிப்போச்சு. நிப்பாட்டச் சொல்லிக் கத்தித்தான் அவிழ்த்தனான்.”

“விழுந்தவர் எங்க கிடந்தவர்?”

“மச்சான்ர காலடியில.”

“அப்ப விழுந்தவர்தான் தன்ர கட்டையை அவிழ்த்துக்கொண்டு முன்னுக்கு வந்திருக்கிறார்.”

“அதை நான் காணேல்லை சேர். மச்சான் கட்டோட நிண்டதைத்தான் கண்டனான்.”

அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன். பிறகு கடற்கரைக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். நான் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். கட்டையோடு நான் மல்லுக்கட்டியதை வலை முதலாளியான சம்மாட்டியே கண்டிருந்தார். தான் குனிந்து நின்றதால் சரியாகக் காணவில்லை என்று தம்பிக்காரனும் சொன்னார்.

பின்னேரம் அந்த மனிதர் கண் திறந்தார். தங்கையோடு அப்போதுதான் பேசினேன். அடுத்த நாள் நீதிமன்றத்தில் மச்சானுக்குப் பிணை கிடைத்தது. வழக்கும் பிறகு நல்லபடி முடிந்தது.

பிணை கிடைத்த அன்று பஸ்ஸில் திரும்பினோம். பஸ் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்களைத் தாண்டியது. பிறகு மச்சான் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“அவளைப் பற்றிச் சொன்ன உடன கட்டையில கை வச்சனான். அவிழேல்லை. அதுக்குள்ள அவர் வந்திட்டார்.”



அந்தக் கட்டை அவிழ்ந்திருந்தால் பொலிஸில் அந்தக் கதிரையில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. நாங்கள் சார்ஜன்டிடம் எடுத்துச் சொன்ன வசவெல்லாம் மச்சானைத்தான் உள்ளே தள்ளியிருக்கும். இப்போதும் சந்தையிலோ பஸ்ஸிலோ யாராவது ஒரு சொல்லை எறிந்தால் என் கை இடுப்புக்குப் போகிறது. அங்கே பட்டி இல்லை, என்னை நானேதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.