பிரேக் போட்டது நான் இல்லை

போன வாரம் தஞ்சாவூர் கோர்ட்டில் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட எனக்கு ஏழு மாதம் ஆனது.

சம்பா அறுவடை முடிந்த சமயம். மன்னார்குடி வீட்டிலிருந்து, தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு வழக்கம்போல காரில் போய்க்கொண்டிருந்தேன். வடுவூர் தாண்டி, பாதி ரோட்டைக் காயப்போட்ட நெல் பிடித்திருந்தது. ராத்திரி மூடி வைத்த படுதாவைக் காலையில் ஒருவர் பிரித்துக்கொண்டிருந்தார். காற்றில் அதன் ஒரு முனை மேலே எழும்பியது.

எனக்கு அது படுதா. டெல்டாவில் கார் ஓட்டுகிற யாருக்கும் அது படுதாதான். என் புதுக் காருக்கு மட்டும் அது சுவர்.

எதிரே ஏதாவது வந்தால் தானே நின்றுவிடும் வசதி உள்ள கார் அது. நின்றுவிட்டது... ஐம்பதில் போனது, ஒரே நொடியில். என் கால் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது. பின்னால் வந்த மீன் வேன் டமாரென்று மோதியது.

இறங்கிப் பார்த்தால், நெல்லின் மேல் இறால், இறாலின் மேல் ஐஸ். வேனின் முகம் நசுங்கியிருந்தது. ஓட்டி வந்தவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெயர் செல்வராசு. முத்துப்பேட்டைக்காரர். முன்பு கடலுக்குப் போனவர், இப்போது சொந்த வேனில் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். எனக்கு அடி பட்டதா என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் ரோட்டைப் பார்த்தார்.

“ரோட்டுல ஒண்ணுமே இல்லையேக்கா, ஏன் பிரேக் போட்டீங்க?”

“நான் போடலைங்க.”

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேனுக்கு இருந்ததோ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும். அதாவது அவர் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும், அவர் வேனுக்கு எதுவும் கிடைக்காது. தப்பு என் கார் மேல் என்றானால்தான் என் இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்குத் தர வேண்டும்.

இரண்டாம் நாள் சேதத்தை மதிப்பிட என் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மரியாதையான இளைஞர். வாக்குமூலத்தைத் தயாராக டைப் செய்தே கொண்டுவந்திருந்தார்: ‘பின்னால் வந்த வேன் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் வந்து மோதியது.’ கையெழுத்துப் போட்டால் போதும், என் கார் பத்து நாளில் ரெடி.

நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

“நீங்க பிரேக் போட்டீங்கன்னு சொன்னாக்கூட சமாளிச்சிடலாம் மேடம். கார் போட்டுச்சுன்னு சொல்லாதீங்க. அதை எழுத எங்க ஃபார்ம்ல கட்டமே இல்லை.”

கட்டம் இல்லை என்பதற்காக நடந்தது நடக்காமல் போய்விடுமா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

செல்வராசு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு வந்திருக்கலாம் — வாஸ்தவம்தான். அதையும் சொன்னேன். ஆனால் அதிவேகம் என்பது பொய். ஒரு மீன் வண்டிக்காரர் மேல் போலீஸ் கேஸ் வர என் கையெழுத்தா கிடைத்தது?

கார் கம்பெனிக்காரர்களைக் கேட்டேன். கையேட்டைப் புரட்டிக் காட்டினார்கள். எந்த நிலையிலும் ஓட்டுநரே பொறுப்பு என்று போட்டிருந்தது. வாங்கும்போது இதே ஷோரூமில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘உங்களைவிட வண்டி உஷாரா இருக்கும் மேடம்.’ பேர் வாங்கும்போது வண்டி, பழி வரும்போது நானா?

பிரேக் பெடலை யார் மிதித்தது, எப்போது மிதித்தது என்று காருக்குள் பதிவாகி இருக்கும். அதைக் கேட்டேன். அந்த டேட்டா கார் கம்பெனிக்குச் சொந்தமாம். கார் என்னுது, உயிர் என்னுது, என் கால் எங்கே இருந்தது என்கிற விவரம் மட்டும் அவங்களுது.

நான்கு சனிக்கிழமை சர்வீஸ் சென்டர் சோபாவில் போய் உட்கார்ந்தேன். காபி கொடுத்தார்கள், டேட்டா கொடுக்கவில்லை. ‘கார்தான் ரிப்பேர் ஆகிடுமே, விட்டுத் தொலையேன்’ என்றார் என் கணவர். ஐந்தாவது சனிக்கிழமை அவரே கொண்டுவந்து விட்டுப் போனார்.

இதற்கிடையில் செல்வராசு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். முதல் எதிர்மனுதாரர் நான், இரண்டாவது என் இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர் சொல்வது சரி என்று சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நான் ஒத்துழைக்கவில்லையாம், என் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாமாம். நானும் பதில் போட்டேன்: ‘உண்மையைச் சொல்வது ஒத்துழையாமை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.’

அன்றைக்குப் பயமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் கோர்ட் கேட்டதும் டேட்டா வந்தது. இரண்டே வரி. மோதலுக்கு முன் ஓட்டுநர் பிரேக் பெடலை மிதிக்கவில்லை. தானியங்கி பிரேக் செயல்பட்டுள்ளது. செல்வராசு அந்தப் பேப்பரை இரண்டு தரம் படித்தார். “அன்னிக்கு உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன்க்கா” என்றார், என்னைப் பார்க்காமலே.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம். வேன் ரிப்பேருக்கும் கை வைத்தியத்துக்கும் தர இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆனால் சமரசப் பேப்பரில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவால்’ என்று போட்டிருந்தார்கள். வழக்கமான வாசகம்தான், இதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றார் கம்பெனி வக்கீல். அதை அடித்துவிடுங்கள் என்றேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நீதிபதி அந்த இரண்டு வரி ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். அப்புறம் அந்த வார்த்தைகளை அடிக்கச் சொல்லி, ரிப்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொன்னார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பிடித்து வைத்திருந்த என் க்ளெய்மும் இந்த வாரம் பாஸாகிவிட்டது.

டிரைவரே இல்லாத கார் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. தூங்கி வழிகிற, போன் பேசுகிற, குடித்துவிட்டு ஓட்டுகிற மனிதர்களைவிட அது ஒழுங்காகவே ஓட்டலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் என்பது இத்தனை காலமும் மனிதன் தப்பு செய்வான் என்ற கணக்கில் நடந்த வியாபாரம். நாளைக்குத் தப்பு எங்கோ ஒரு ஊரில் எழுதிய புரோகிராமில் இருக்கும். அப்போது பிரீமியம் யார் கட்டுவது? ஓட்டுவது அவர்கள் புரோகிராம், கட்டுவது நானா? கார் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம் என்றால் பொறுப்பையும் பிடிக்கட்டும். இதை இப்போதே கேட்காவிட்டால், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மேல்தான் கேஸ் எழுதுவார்கள்.

நேற்று பாலிசியைப் புதுப்பிக்க ஏஜென்ட் போன் செய்தார். வண்டி ஓட்டுவது நான்தானே என்று கேட்டார்.

“பெரும்பாலும்” என்றேன்.