பாக்கியமக்காவும் பென்சன் கந்தோரும்

இறந்தவரின் பென்சனை நிறுத்தி, இருப்பவரின் பென்சனைத் திருத்தி எழுதுவிக்கிற வேலைக்கு ஒரு பெயர் கிடையாது. ஆனால் நியூசிலாந்தின் ஓக்லண்டில் சில வருசம் நான் செய்தது அதுதான். "செத்தவீட்டுக்கு நூறு பேர் வருவினம் பிள்ளை, பென்சன் கந்தோருக்குக் கூடப்போக ஒரு ஆள் வராது" என்று எனக்கு முதலில் சொன்னவ செல்வமக்கா. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் வெங்காயத்தாள் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது சொன்னா. எனக்கு முதல் இந்த வேலையைச் செய்தவ அவதான். மெல்பேர்னில் இருக்கிற மகளோடு போய் இருக்கப் போவதால், அந்த இடத்துக்கு என்னைப் பிடித்துவிட்டா.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆங்கிலம், பென்ரோசில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடைத்த காலத்தில் பக்கத்தில் நின்ற பெண்களிடம் பிடித்தது. கந்தோரில், அதாவது பென்சன் அலுவலகத்தில், மொழிபெயர்க்க எனக்குச் சொல்லித்தந்த சட்டம் ஒன்றுதான்: அவர்கள் சொல்வதை அப்படியே சொல், கூட்டாதே, குறைக்காதே. தாய் தகப்பனுக்காகக் கவுண்டரில் நின்று நாக்கு வறண்ட உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மச்சாளின் தடை

பாக்கியமக்காவும் அவவின் கணவர் கனகண்ணையும் ஏவன்டேலில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தவர்கள். கனகண்ணை ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். அவர் காலமானதும், ஆல்பனியில் இருக்கிற மகன் ரவி தாயைத் தன்னோடு வரச்சொன்னான். நல்ல பிள்ளை, பெரிய வீடு. அக்காவுக்குத்தான் மனமில்லை. அங்கே பகல் முழுக்க வீட்டில் ஆளில்லை. பின்னேரம் வரும் பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இங்கிலீசில் பதில் சொல்வார்கள். இங்கே என்றால் நடந்து சந்தைக்குப் போய் நாலு பேரோடு கதைக்கலாம். தனியாக இருப்பவருக்கு உரிய கூடின பென்சன் கிடைத்தால் வாடகை கட்டி இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஆல்பனிதான்.

போய்ச் சொல்கிற நாளிலிருந்துதான் புதுப் பென்சனை எழுதுவார்கள் என்பதால், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போகப் போனேன். கனகண்ணையின் தங்கச்சி, சிட்னியிலிருந்து வந்தவ, வாசலில் குறுக்கே நின்றா. "அந்தியேட்டி முடியாமல் வெளிக்கிடுறதோ? முப்பத்தோராம் நாள் வரைக்கும் வாசல்படி தாண்டக்கூடாதெண்டு உங்களுக்கு ஆரும் சொல்லித்தரேல்லையோ?" என்று என்னைத்தான் பிடித்தா. நான் வாய் திறக்க முதல் அக்கா கைப்பையோடு வெளியே வந்தா. "உங்கடை அண்ணை தபால் கந்தோருக்கு ஒரு நாளும் பிந்திப் போகேல்லை, மச்சாள். அவரின்ரை அலுவலுக்கு நான் பிந்தினால் முதல் கோபம் அவருக்குத்தான் வரும்."

வாங்கில் இருந்தவர்

கந்தோரில் எங்களுக்கு முன்னால் வாங்குப் பலகையில் ஒரு பிஜிக்காரர் இருந்தார். பெயர் முனுசாமி. பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். அவர் வாயில் தமிழ் பாதி, இங்கிலீசு பாதி. மனைவி செத்ததை அறிவிக்க வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வீட்டிலுள்ள கடதாசி எல்லாம், கரண்ட் பில்லும் கல்யாணப் படமும் சேர்த்து.

அக்கா தன் துக்கத்தை மறந்து அந்தப் பையை வாங்கி, மடியில் கொட்டிப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டா. "உங்கடை பாங் புத்தகம் எங்கை, அண்ணை?" என்று கேட்டா. அந்த மனுசன் சிரித்த சிரிப்பில் கண்ணீரும் வந்தது. "பாங்க் புக்கா? அம்மா, அவ வச்ச டீத்தூள் டப்பாவே இன்னும் எனக்குக் கிடைக்கலை."

வீட்டில் யார் யார்

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவ மேரே என்ற மாவோரிப் பெண், ஐம்பது வயதிருக்கும். மரணச் சான்றிதழைப் பார்த்து, "ஸொரி, மை டியர்" என்று அக்காவின் கையைத் தொட்டா. பிறகு கேள்விகள். எல்லாம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. "இப்போது வீட்டில் தனியாகத்தான் இருக்கிறீர்களா?" என்று கேட்டா. எதை நம்பி வந்தோமோ, அந்தக் கேள்வி. நான் தமிழில் கேட்டேன்.

"தனியவோ? இல்லையே" என்றா அக்கா. "மச்சாள் நிக்கிறா, மச்சாளின்ரை மகள் நிக்கிறா, லண்டனாலை வந்த தம்பி நிக்கிறான்." போதும் என்று நான் கண்ணைக் காட்டினேன். அக்காவுக்கு விளங்கவில்லை. "பிறகு, இவரும் நிக்கிறார்தானே. அந்தியேட்டி வரைக்கும் எங்கை போறது? காலமை படத்துக்கு முன்னாலை கோப்பி வைச்சிட்டுத்தான் வந்தனான். அதையும் சொல்லும் பிள்ளை."

கூட்டாதே, குறைக்காதே. பிள்ளையாரே, என் வாயில் பொய்யும் வரவேண்டாம், இந்த மனுசியின் வீடும் போகவேண்டாம் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு, கோப்பி வரைக்கும் அப்படியே சொன்னேன். மேரே பேனையை வைத்தா. செத்தவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்கப் போகிறா, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "எத்தனையாம் நாள் போவார்?" என்றுதான் கேட்டா. முப்பத்தொன்று என்றேன். அவவின் தாய் போன பிறகு, மாவோரி வழக்கப்படி ஒரு வருசம் கழித்துத்தான் கல்லறைக் கல்லை மூடிய துணியை எடுத்தார்களாம்; அது வரைக்கும் தாய் சமையலறையை விட்டு அசையவில்லையாம். பிறகு பேனையை எடுத்து எழுதினா. "வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை நாங்கள் கணக்கெடுப்பதில்லை. லண்டன் தம்பியும் அப்படித்தான், உங்கள் கணவரும் அப்படித்தான்."

முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

அந்தியேட்டி முடிந்தது. மச்சாளும் மகளும் சிட்னிக்கு, தம்பி லண்டனுக்கு. கடைசித் தரம் சரிபார்க்க மேரே வரச்சொல்லியிருந்தா. ரவிதான் காரில் கொண்டுவந்து விட்டான். அவனும் உள்ளே வந்து, தாய் என்ன சொல்லப்போகிறா என்று பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வீட்டில் மனுசி தனியாக அழுதுகொண்டு இருக்குமோ என்று அவனுக்குப் பயம்.

"எல்லோரும் போய்விட்டார்களா? இப்போது தனியாக இருப்பது கஷ்டமில்லையா?" என்று மேரே கேட்டா. அக்கா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. "எல்லாரும் போட்டினம், பிள்ளை. ஆனால் பெரிய வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை. அவர் உயிரோடை இருக்கேக்கையும் கதைச்சது நான் மட்டும்தானே!"

நான் அதையும் அப்படியே சொன்னேன். மேரே சிரித்துக்கொண்டே தனி ஆள் பென்சனுக்கு முத்திரையைக் குத்தினா. ரவியும் சிரித்துக்கொண்டு தாயைத் திரும்ப ஏவன்டேலுக்கே ஏற்றிப் போனான்.

இந்த வேலையில் நான் கண்டது, எங்கள் சனத்தில் ஒருவர் செத்தால்தான் மற்றவர் தனிய இல்லை என்பது தெரியவரும்; அதைத்தான் கந்தோருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனால், "பென்சன் கந்தோருக்கு எப்ப போறம், நானும் வாறன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கோ.