திரைக்கு இந்தப் பக்கத்து மேசை

எங்கள் அக்கா சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதச் சொன்னபோது, அவருடைய பக்தி, பொறுமை, குடும்பத்துக்காக உழைத்த உழைப்பு இவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஓட்டல்தான் வந்தது. படித்துப் பார்த்த சித்தப்பா மகன், "நினைவு மலர்ல போய்க் காப்பியும் தோசையுமாவா எழுதுவாவ?" என்று கேட்டான். அக்கா இருந்திருந்தால் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பார் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். இங்கே 'அவர்' என்று எழுதுவது எனக்கே யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. அச்சில் வருவதால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சேரன்மகாதேவியில், ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கு எட்டு வயது மூத்தவர். நிலபுலன் இருந்த சைவக் குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில் நிலம் போய்ப் பேர் மட்டும் மிஞ்சியது. பேருக்காகக் கட்டுப்பாடும் மிஞ்சியது. திருச்செந்தூருக்குப் போனாலும் தூக்குச்சட்டியில் புளியோதரை கூடவே வரும். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஓட்டலுக்கு எங்கள் வீட்டில் 'கிளப்புக் கடை' என்று பெயர். அம்மா அதைச் சொல்லும்போதே முகம் சுளிப்பார்.

அக்கா வேளாண்மை படித்து முடித்த ஆண்டிலேயே அப்பா தவறிப்போனார். இருபத்து மூன்று வயதில் அக்கா அரசு வேலைக்குப் போனார். விதை நெல் போட்டிருக்கும் வயல்களை நேரில் போய்ப் பார்த்து, வேற்று ரகம் கலக்கவில்லை என்று சான்று கொடுப்பது அவருடைய வேலை. காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால் களக்காடு, அம்பாசமுத்திரம் என்று சுற்றி, வரப்பெல்லாம் நடந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்புவார். என்னைப் படிக்கவைத்ததும் வாத்தியாராக்கியதும் அந்த நடைதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவியவர்களிடம், "வாற மாப்பிள்ளையக் காட்டிலும் களக்காட்டு பஸ் ஒழுங்கா வருது" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள், அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

வேலைக்குப் போன புதிதில் தூக்குச்சட்டியும் கூடப் போனது. ஒரு சித்திரை மாதம் அம்பாசமுத்திரம் பக்கம் வயல் பார்த்துவிட்டு மதியம் மூடியைத் திறந்தால் சோறு ஊசிப்போயிருந்தது. பசி தாங்காமல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய காப்பிக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தார். பளிங்கு மேசை, சுவரெல்லாம் சாமி படம், கல்லாவில் ஊதுவத்தி. கடைப் பெயரை எழுதத்தான் ஆசை. "விளம்பரம் மாதிரி ஆயிரும், வேண்டாம்" என்று முதலாளி கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்து ஓட்டல்களில் 'குடும்ப அறை' என்று ஒன்று இருக்கும். ஹாலின் கடைசியில் சின்ன அறை, வாசலில் பச்சைத் துணித் திரை. பெண்கள் வந்தால் அதற்குள்தான் போக வேண்டும். அக்காவையும் அங்கேதான் கை காட்டினார்கள். அக்கா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இங்கனயே போதும்" என்று ஹாலில் ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் ஆண்கள். ஒரு ரவா தோசை, ஒரு காப்பி. அன்றைக்கு உட்கார்ந்தவர் பிறகு எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் ஹாலில்தான் உட்கார்ந்தார்.

பிடிவாதம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "பிடிவாதம் என்னலே? உள்ள உக்காந்தா நம்மள மறந்துருவாவ. இங்கனன்னா சப்ளையர் கண்ணுல பட்டுக்கிட்டே இருப்போம். பஸ் வாறதையும் பாத்துக்கிடலாம்" என்றார்.

எங்கள் சொந்தத்தில் யார் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்வார்கள். திருச்செந்தூரில் எந்தக் கடையில் பொங்கலுக்கு மிளகு பொடிக்காமல் போடுவார்கள், களக்காட்டில் எந்த டீக்கடையில் காலையில் மட்டும் பருப்பு வடை கிடைக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். கடையைச் சொல்வதோடு நிற்க மாட்டார். சமையல்கட்டில் நிற்கும் சரக்கு மாஸ்டரின் பேரைச் சொல்லி, நான் கேட்டதாகச் சொல்லு என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு என்னையும் என் மனைவியையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். கோயிலுக்குத்தான் போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊட்டியில் வெள்ளைக்காரன் காலத்துத் தேநீர் விடுதி ஒன்றில் கெட்டிலுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆற்றிக் குடிக்க ஒரு டம்ளர் கேட்டார். அங்கே டம்ளர் இல்லை. கண்ணாடிக் குவளை இரண்டைக் கொண்டுவந்தார்கள். அக்கா ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றினார். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் பாணியில் நடக்கும் பழைய உணவகத்துக்குப் போனோம். மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி, தொப்பி போட்ட சமையல்காரர். அக்கா அவரையும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டார். கறி மீன் இல்லாமல் என்ன தருவீர்கள் என்று கேட்டு, வெங்காய சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டார். "நம்ம தேங்காப்பால் சொதிக்குப் பக்கத்துல வராது. ஆனா மனசோட செஞ்சிருக்காவ" என்றார். கிளம்பும்போது சமையல்காரரைத் தேடிப் போய் நன்றி சொன்னார். எந்தக் கடையிலும் அதைச் சொல்லாமல் அவர் படியிறங்கியதில்லை.

இதுவரை எழுதியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாருக்கும் தெரியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்த சமயம். என் மனைவியின் பெரியப்பா அம்பாசமுத்திரத்தில் அக்காவைப் பார்த்திருக்கிறார். நாலு ஆண்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாராம். "மாப்பிள்ளைக்கு அக்கா இப்படிக் கிளப்புக் கடையில உக்காந்து சாப்பிடுதாவளே" என்று தரகரிடம் இழுத்திருக்கிறார். அது என் காதுக்கு வந்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். நேரே அக்காவிடம் போனேன்.

"எக்கா, கல்யாணம் முடியுத வரைக்குமாவது அந்த ரூமுக்குள்ள உக்காந்து சாப்பிடக் கூடாதா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிலே" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் முகூர்த்தப் பட்டு எடுக்க நானும் அந்தப் பெரியப்பாவும் அம்பாசமுத்திரம் போனோம். அக்கா வயலிலிருந்து நேரே அங்கே வந்து சேர்ந்துகொண்டார். மதியம் அதே காப்பிக் கடைக்குப் போனோம். அக்கா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நேராகத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். நானும் கூடப் போயிருக்கலாம். பெரியப்பாவோடு ஹாலில் உட்கார்ந்தேன். அக்கா எப்போதும் உட்காரும் ஜன்னலோரத்து மேசையில்தான். திரைக்குக் கீழே அக்காவின் செருப்பு தெரிந்தது. அதில் வயல் சேறு காயாமல் ஒட்டியிருந்தது. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கா வெளியே வந்தார். "ஆச்சுலே, போவோம்" என்றார். திரும்பும்போது பேருந்தில் அவித்த கடலை வாங்கி, ஊர் வரும்வரை தின்றுகொண்டே வந்தார். "சாப்பிட்ட பெறவும் என்னக்கா கொறிப்பு?" என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவாரமே அக்கா ஹாலுக்குத் திரும்பிவிட்டார். என் மனைவியையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நாற்பது வருடம் இருந்தது. கேட்கவில்லை.

எழுபது வயதுக்கு மேல் அக்காவுக்குக் கை நடுக்கம் வந்தது. முதலில் கையெழுத்து போனது. பிறகு டம்ளரைப் பிடித்தால் பாதி சேலையில் கொட்டியது. வெளியே சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டார். "நாலு பேரு பாக்க ஒழுக விட்டுக்கிட்டு உக்காரணுமாலே?" என்பார். வீட்டில் எதைச் செய்து வைத்தாலும் இரண்டு வாய்தான். ஆள் பாதியாகிவிட்டார். சாப்பிடவைக்க வழி தெரியாமல் நானும் என் மனைவியும் தவித்துப்போனோம்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காரில் ஏற்றி அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப்போனேன். படியேறி உள்ளே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஏலே, அந்த ரூமுக்குள்ளயே போயிருவோம்."

நான் அவரை எங்கே போகச் சொன்னேனோ அங்கே இப்போது அவராகவே போகிறேன் என்கிறார். நான் வாய் திறப்பதற்குள் மந்திரம் அண்ணாச்சி வந்துவிட்டார். அக்கா போக ஆரம்பித்த காலத்திலிருந்து அங்கே சப்ளையராக இருப்பவர். தலையெல்லாம் நரைத்துவிட்டது.

"ரூம்ல மாவு மூட்டையா அடுக்கிக் கெடக்குல்லா, ஆபீசரம்மா. உக்கார எடமில்ல. ஒங்க மேசை காலியாத்தான் இருக்கு. பைய வாங்க."

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தோம். ரவா தோசை வந்தது. உள்ளேயே சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து வைத்திருந்தது. எனக்கு வந்த தோசையும் அப்படியே. காப்பி பாதி டம்ளர்தான் இருந்தது. எனக்கும் பாதி.

"என்ன அண்ணாச்சி, பாதியாக் கொண்டாந்திருக்கீய?" என்றார் அக்கா.

"முழுசா வச்சா ஆறிப் போவுது. குடிங்க. மிச்சத்தச் சூடாக் கொண்டாறேன்."

டம்ளர் நடுங்கியது. பாதிதான் இருந்ததால் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. அக்கா நாலு அரை டம்ளர் குடித்தார், தோசையை முழுதாகச் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது மந்திரம் அண்ணாச்சியைப் பார்த்து, "இப்பல்லாம் நல்லாத்தான் கவனிக்கீய" என்றார். அவர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு கடைசிவரை வாரம் ஒருமுறை போனோம். அக்காவுக்குப் பழைய குரலும் பழைய கேலியும் திரும்பி வந்தன. பதினான்கு மாதங்கள் எங்களுக்குக் கிடைத்தன.

போன வருடம் ஒரு விடியற்காலையில், உறக்கத்திலேயே அக்கா பிரிந்தார். காலைக் காப்பியை எடுத்துக்கொண்டு போன என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், அம்மாவைப் பார்ப்பதுபோல் அக்காவைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்ட செவிலித் தங்கைக்கும், பந்தல் போட்டதிலிருந்து எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா சான்று கொடுத்த வயல்காரர்கள் களக்காட்டிலிருந்து ஒரு வேனில் வந்து, ஆளுக்கொரு பிடி விதை நெல்லை அவர் காலடியில் வைத்துக் கும்பிட்டார்கள். அதை எப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. அவர்களுக்கும் நன்றி.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்ல அந்தக் கடைக்குப் போனேன். நல்ல மழை, ஹாலில் இடமில்லை. "ரூம்ல உக்காருங்க சார்" என்றார் முதலாளி. "மாவு மூட்டை இருக்குமே" என்றேன். "எந்த மூட்டை?" என்று கேட்டார். திரையை விலக்கினேன். துடைத்துவைத்த இரண்டு மேசைகள், நாற்காலிகள், மேலே மின்விசிறி. மூட்டை எதுவும் இல்லை. பின்னாலேயே தண்ணீர் கொண்டுவந்த மந்திரம் அண்ணாச்சி, திருடி அகப்பட்டவர்போல் நின்றார்.

"சார், ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு நாளு ஆபீசரம்மா இதுக்குள்ள வந்து உக்காந்தாவ. அன்னைக்குக் கூட்டம். நான் மறந்துட்டேன். நெனப்பு வந்து ஓடியாந்து பாத்தா ஆளில்ல. பசியோடயே எந்திச்சுப் போயிட்டாவ. பெறவு வந்தப்பவும் ஒரு வார்த்த கேக்கல. திரும்பவும் அவியள இங்கன உக்கார வைக்க எனக்கு மனசு வரல."

அவித்த கடலை என் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறந்தது நீங்க. உக்கார வச்சது நான்லா, அண்ணாச்சி" என்றேன்.

அக்காவிடம் கேட்காத மன்னிப்பை இந்த மலரில் உங்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்கிறேன். எழுதியதை நேற்று என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு இன்னும் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் மாலை நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அம்பாசமுத்திரத்துக்குக் காப்பி குடிக்க வருகிறீர்கள். ஹால் முழுவதும் நமக்குத்தான் என்று சொல்லிவைக்கப் போன வாரம் போனேன். குடும்ப அறையில் திரையைக் காணவில்லை. வாசல் வரைக்கும் மாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன. மந்திரம் அண்ணாச்சி முதலாளியிடம் சண்டை போட்டு அடுக்கவைத்தாராம்.

"ஆபீசரம்மாட்டப் பொய் சொன்னதா ஆயிரக் கூடாதுல்லா சார்" என்றார்.

மந்திரம் அண்ணாச்சிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.