அப்பா கட்டிய பாலம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பெற்றோர் யாராவது அட்டைப் பெட்டியோடு பள்ளி வாசலில் வந்து நின்றாலே பற்றிக்கொண்டு வரும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அதே வகுப்புதான். கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை எழுத வைத்து, நிம்மதியாகத்தான் இருந்தார். ஒருமுறை பயிற்சிக்குப் போனார். பிள்ளைகள் கையால் செய்து பார்த்தால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்று நம்பிக்கொண்டு திரும்பினார். பிடித்தது சனி.

களிமண்ணில் மலை செய்யச் சொன்னால் ஒருவன் அதைத் தின்று பார்ப்பான். விதை நட்டால், முளைத்துவிட்டதா என்று மணிக்கொரு தரம் தோண்டுவார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். பெற்றோரைத்தான் பொறுக்க முடியவில்லை. சூரியக் குடும்பம் செய்து வரச் சொன்னபோது, கோள்கள் விளக்கு எரிய எரியச் சுற்றின. அதைத் தூக்கி வந்த பிள்ளைக்கோ எது பூமி என்று தெரியவில்லை.

அதனால் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். "வீட்ல யாரும் எதுவும் செய்யக்கூடாது. பழைய பேப்பரும் பசையும் மட்டும் கொண்டு வாங்க. இங்கயே பாலம் கட்டுவோம். ரெண்டு மேசைக்கு நடுவுல வச்சு, மேல செங்கல் வச்சுப் பாப்போம்."

மறுநாள் காலை ஓர் அப்பா பெரிய பெட்டியோடு வந்தார். உள்ளே ஐஸ் குச்சிகளால் கட்டி, வெள்ளிப் பூச்சு பூசிய பாலம். பக்கத்தில் அவர் மகள். வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் அவள், அன்று உம்மென்று நின்றாள்.

"என்ன சார் இது?"

"பாலம் மிஸ். லீவு போட்டுக் கட்டினேன்."

"உங்க பொண்ணு என்ன செஞ்சா?"

"குச்சி எடுத்துக் குடுத்தா."

"இல்ல மிஸ்," என்றாள் வாயாடி. "தொட்டா கோணலாயிடும்னு என்னை டிவி பாக்கச் சொல்லிட்டாங்க."

டீச்சர் வாய் திறப்பதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார். "அடடா, என்ன அழகு! இன்னிக்குப் பள்ளியப் பாக்க மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. இத முன் ஹால்ல வைங்க."

"மேடம், இது பிள்ளைங்க செஞ்சது இல்ல."

"யாரு கேக்கப் போறா?"

பாலம் ஹாலுக்குப் போனது. 'மூன்றாம் வகுப்பு மாணவர்களின் கைவண்ணம்' என்று அட்டையும் வைத்தாயிற்று. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அங்கே ஒரே அமளி. ஒரு பாலம் செங்கல் வைப்பதற்கு முன்பே மடங்கி விழுந்தது. இன்னொன்று மேசையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வாயாடி பேப்பரைக் குழல் குழலாகச் சுருட்டி நூலால் கட்டினாள். அவளுடைய பாலம் செங்கல்லைத் தாங்கியது. எல்லாரும் "ஓ" என்று கத்தி முடிப்பதற்குள் தொய்ந்து விழுந்தது. செங்கல் டீச்சரின் கால் விரலை உரசிக்கொண்டு போனது.

பார்க்க வந்த அதிகாரி ஹாலில் நின்று, "இத எப்படிக் கட்டினீங்க?" என்று கேட்டுவிட்டார். தலைமையாசிரியை வாயாடியை அழைத்து வரச் சொன்னார்.

"இது எங்கப்பா கட்டினது சார். நான் கட்டினது கிளாஸ்ல விழுந்து கெடக்கு. வாங்க, காட்டறேன்!" அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

அதிகாரி சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தானும் பேப்பர் சுருட்டினார். அவர் பாலமும் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். போகும்போது, "ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல வகுப்பு பாத்தேன்," என்றார்.

அவர் வண்டி கிளம்பியதும் தலைமையாசிரியை டீச்சரிடம் ஓடி வந்தார். "இனிமே எல்லா வகுப்புலயும் பேப்பர் பாலம்தான்! உதவிக்குப் பெத்தவங்களையும் வரச் சொல்லிடுங்க."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்த அப்பா பாலத்தை எடுத்துப் போக வந்தார். "எத்தனை செங்கல் தாங்குச்சு மிஸ்?"

"யாரும் வச்சுப் பாக்கல சார்."

அவர் முகம் தொங்கிப்போனது. டீச்சருக்கே பாவமாகிவிட்டது. பாலத்தை மேசைகளுக்கு நடுவே வைக்கச் சொன்னார். ஒரு செங்கல், இரண்டு, மூன்று. பாலம் அசையவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொண்ணு வைங்கப்பா!" என்று குதித்தாள் வாயாடி.

நான்காவதை அவளே வைத்தாள். படார்! குச்சிகள் அறை முழுக்கச் சிதறின. அப்பாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சற்று முன்புதான் வகுப்பைக் கூட்டி முடித்திருந்த டீச்சர், துடைப்பத்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.