லிஃப்ட் மாமாவின் கறுப்புத் தட்டு

என் அக்கா கணவருக்கு எங்கள் குடும்பத்தில் 'லிஃப்ட் மாமா' என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. எதிரே ஆள் நின்று பேசினாலும் அவர் காது எங்கேயோ ஓடும் ஒரு மோட்டாரின் மேல்தான் இருக்கும். லிஃப்ட்டில் ஏறினால் நாமெல்லாம் மாடி எண்ணைப் பார்ப்போம். மாமா கண்ணை மூடிக்கொள்வார்.

அப்படிக் கேட்டுக் கேட்டே அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. மோட்டார் அறையில் ரிலே சுவிட்சுகள் டக் டக்கென்று விழுவது, கதவுகள் தடத்தில் உருண்டு மூடுவது, பெட்டி தரைக்கு வந்து நிற்பது என்று எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்துவருவார். துணி இஸ்திரி போடும் சின்ன அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, அவற்றை வெட்டி ஒட்டி, அடியில் ஒரு தாளத்தை ஓடவிடுவார். இந்த மாதிரி ஆட்ட இசைக்கு டெக்னோ என்று பெயராம். அதிலும் சோதனை முயற்சியாம். சோதனை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அக்காவுக்குத்தான்.

அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பல் துளைக்கும் சத்தம் கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் லிஃப்ட். கதவைச் சாத்தச் சொன்னதுதான் இரண்டு வருடத்தில் அவள் செய்த ஒரே விமர்சனம். ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அதில் தாளம் உடம்பில் இறங்கவில்லை என்று மாமா கழற்றி வைத்துவிட்டார். ஒரு தடவை வந்து கேளேன் என்று கெஞ்சினால், அடுப்பில் பால் இருக்கிறது என்பாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு சின்ன இசைக் கம்பெனி மாமாவின் டெக்னோவை வினைல் இசைத்தட்டாகவே போட்டுவிட்டது. பார்சல் வந்த அன்று மாமா ஒரு தட்டை, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். நடுவில் இருந்த லேபிள் முழுக் கறுப்பு. பெயர் இல்லை, எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும் என்றுகூட இல்லை. இப்போது அதுதான் பாணியாம். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"ஊர்ல யார் கேட்டா என்ன மாப்ள, உங்கக்கா ஒரு தடவை முழுசா கேக்கணும். அவ்ளோதான்."

சனிக்கிழமை சாயங்காலம் இசைத்தட்டுக் கடையில் வெளியீடு. அக்காவை நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

சத்தம் தடதடவென்று கிளம்பியது. முன்னால் நின்ற இளவட்டங்கள் குதிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் நானும் தலையை ஆட்டிவைத்தேன். மாமாவைத் திரும்பிப் பார்த்தால் பேயறைந்த முகம். நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று ஓட வேண்டிய தட்டைக் கடைக்காரர் நாற்பத்தைந்தில் ஓடவிட்டிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அத்தனை பேர் ஆடுகிறார்களே, அதை எப்படிக் கெடுப்பது? மாமா அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்போது அக்கா எழுந்தாள். போச்சு, வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேரே கடைக்காரரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இது இவ்ளோ வேகம் கிடையாது. கதவு மூடுறது நல்லா இழுத்து வரணும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது. அதுக்கப்புறம்தான் டங்குனு விழும். வேகத்தைக் குறைச்சு மொதல்லேர்ந்து போடுங்க."

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

தட்டு மறுபடி சுழன்றது. கதவு இழுத்து இழுத்து மூடியது. பிறகு ஒன்றுமில்லை. குதித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அக்கா ஒரு விரலைத் தூக்கிக் காத்திருந்தாள். டங்! மொத்தக் கடையும் ஒன்றாகத் தரையில் மிதித்தது. எனக்கே கால் நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் போய் நின்றார். "கேக்கவே மாட்டேன்னியே?"

"யாரு கேட்டா? அது பாட்டுக்கு வந்து உள்ள உக்காந்துக்கிச்சு," என்றாள் அக்கா. "இப்பப் பேசாதீங்க. அடுத்த கதவு வருது."