பெர்லின் நேரத்தில் ஒரு திதி

அம்மாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணப் போய்த்தான் இந்தத் தலைவலி தொடங்கியது. சான் ஹோசேயில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, படிவத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். தந்தையின் பெயர், பிறந்த ஊர், இப்போது வசிக்கும் ஊர். மூன்றாவதை நான் கேட்டிருக்கக் கூடாது. எண்பத்து நான்கு வயது அம்மா, ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"அது தெரிஞ்சா நானே போயி நாக்கப் புடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டுருப்பம்ல" என்றாள்.

அவளுடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய், அங்கே வெள்ளைக்காரன் சரக்குக் கப்பலில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தவர். யுத்த காலம். அம்மா அப்போது கைக்குழந்தை. கப்பல் பெயரைக் குறிப்பிட்டு ஒரே ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். ஏதோ ஒரு துறைமுகத்தில் எவளையோ சேர்த்துக்கொண்டு இருந்துவிட்டார் என்று ஊரே பேசித் தீர்த்துவிட்டது. அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் அவளை 'ஓடிப்போனவன் மவ' என்றுதான் கூப்பிட்டார்களாம். அம்மாவின் அம்மா, பொட்டும் தாலியுமாகக் கடைசிவரை அவரை ஏசிக்கொண்டே இருந்து செத்தாள். அந்த வேலையை அப்புறம் அம்மா எடுத்துக்கொண்டாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகையில்கூட அப்பா பெயர் கிடையாது.

படிவத்தில் 'தெரியவில்லை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் என் அம்மாவுக்குப் பிள்ளை இல்லையே. ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் எவனோ ஸ்லைடு மேல் ஸ்லைடாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, மைக்கை அணைத்துவிட்டு அந்தக் கப்பல் பெயரைத் தேடினேன்.

கப்பலுக்கென்று தனியாக ஒரு வரிகூட இல்லை. அதை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கிக்கு இருந்தது முழு வரலாறு! எந்தக் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது, பிரெஞ்சுக் கரையிலிருந்து எத்தனை முறை புறப்பட்டது, ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றி எப்படி இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது, நடுக்கடலில் யாரிடம் எண்ணெய் வாங்கியது, ஒவ்வொரு தடவையும் என்றைக்குத் திரும்பியது, எல்லாம். கேப்டனின் பிறந்த ஊர், வாங்கிய பதக்கம். பூமத்திய ரேகையைக் கடந்த அன்று, மாலுமிகளின் வழக்கப்படி தாடியும் சாயம் பூசிய முகமுமாக வேஷம் கட்டிச் சிரிக்கும் பையன்களின் படம். கடைசிப் பயணத்தில் விமானம் குண்டு போட்டு அத்தனை பேரும் செத்துப்போனார்கள். ஒருத்தர் விடாமல் பெயரும் வயதும் போட்டிருந்தார்கள். இருபது, இருபத்தொன்று. பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் கப்பலுக்கு அந்தப் பக்கத்தில் மூன்று வரி. தேதி, இரண்டு டார்பிடோ, இருபது நிமிஷத்தில் முழுகியது. 'கப்பலில் இருந்த இந்தியப் பணியாட்களில் பெரும்பாலோர் இறந்தனர்.' அவர்களில் ஒருத்தருக்கும் பெயர் இல்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். "அவர் ஓடிப்போகலைம்மா. குண்டு போட்டுட்டான். எல்லாரும் போயிட்டாங்க."

பெரும்பாலோர் என்று படித்துவிட்டு எல்லாரும் என்று சொன்னது நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

அம்மா அழவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, திதி கொடுக்க வேண்டும் என்றாள். மகள் வயிற்றுப் பேரன் கொடுக்கலாமாம், ஆகவே நான். கோயில் அய்யரிடம் கேட்டோம். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுத்தாலே போதும் என்றார் அவர். "நாளுதான் தெரியுமே" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து. எண்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அவள் விடுவாளா?

நாள் தெரிந்தால் நேரமும் வேண்டும் என்றார் அய்யர், திதி மாறுகிற வேளையாக இருக்கலாம் என்று. நேரமும் இருந்தது. நீர்மூழ்கியின் கேப்டன் எழுதிய தினக்குறிப்பை அந்த இணையதளத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். ஏழு மணி நாற்பது நிமிஷத்துக்குச் சுட்டதாக எழுதியிருந்தான். அதை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்தால் ஏகாதசி. அய்யரிடம் சொல்லியும்விட்டேன். பிறகுதான், அவர்கள் எந்தக் கடலில் இருந்தாலும் பெர்லின் கடிகாரத்தை வைத்தே எழுதுவார்கள் என்று அதே பக்கத்தின் அடியில் படித்தேன். இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் துவாதசி. தினமும் இந்தியாவோடு கால் பேசுகிறவன், நேரக் கணக்கில் கோட்டை விட்டேன். மறுபடியும் போன் போட்டு மாற்றினோம். சுட்டவன் எழுதி வைத்த நேரத்தைப் பார்த்துப் பிண்டம் பிடித்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

திதி நல்லபடியாக முடிந்தது. அம்மா வாழைக்காய், பாகற்காய் எல்லாம் தானே நின்று சமைத்தாள். காக்கை வரவில்லை என்று கொஞ்ச நேரம் படபடத்தாள், அப்புறம் பக்கத்து வீட்டு ஓட்டின் மேலிருந்து ஒன்று வந்தது. இனி நிம்மதி என்று நினைத்தேன்.

எங்கே நிம்மதி? அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போன மனுஷனை வாய் கூசாமல் ஏசியிருக்கிறோமே, அம்மையும் மகளுமாக எண்பது வருஷம் ஏசியிருக்கிறோமே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். மாவாட்டுகிற போதும் துணி மடிக்கிற போதும் தனக்குத்தானே முணுமுணுத்தாள். என் மனைவி, உங்களை யார் இதையெல்லாம் கிண்டச் சொன்னது என்று என்னைப் பிடித்தாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்து மெயில் வந்தது. இணையதளத்தை நடத்துகிறவர் நியூ ஜெர்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். தாத்தாவின் பெயரையும் ஊரையும் கொடுத்து, பணியாட்களின் பெயர் ஏதாவது கிடைக்குமா என்று எப்போதோ நான் எழுதிக் கேட்டதை அவர் மறக்கவில்லை. பழைய ஆவணக் கட்டு ஒன்றிலிருந்து, பிழைத்தவர்கள் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நல்ல செய்தி, உங்கள் தாத்தா உயிர் பிழைத்திருக்கிறார், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். தங்கமான மனுஷன். எனக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல் இருந்தது.

தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், அடுப்படி வேலை, எல்லாம் சரியாக இருந்தது. படகில் பதினோரு நாள். அப்புறம் வேறொரு கப்பல் தூக்கி எடுத்து ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிட்டது. சில நாள் ஆஸ்பத்திரி. குணமாகி வெளியேறினார் என்று போட்டிருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஊருக்கு வரும் வழியில் செத்தாரா, வர மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டாரா, தெரியாது.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால், பாவம் செய்துவிட்டோம் என்கிற அவளுடைய உறுத்தல் போகும். ஆனால் இந்தக் கொஞ்ச நாளாகத்தான் அவளுக்கு ஒரு அப்பா இருந்தார், அவரும் போய்விடுவார். எதை எடுத்து எதைக் கொடுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரும்பாலோர் என்றிருந்ததை நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

அம்மா பிசைந்த சோற்றை விரலால் ஒதுக்கினாள். பிறகு, "அப்ப நாங்க ஏசுனது தப்பில்ல, என்னல?" என்றாள்.

"தப்பே இல்லைம்மா."

தட்டைக் கிட்ட இழுத்து ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டும் என்றாள். எடுக்க எழுந்தேன்.

"எனக்கு அப்ப ரெண்டு வயசு" என்றாள் அம்மா. "நல்லா ஓடுவேன். பேசுவேன். ஒரு எடத்துல இருக்க மாட்டேன்னு அம்ம சொல்லுவா."

"ஆமாம்மா."

"கரைக்கு வந்தவிய, எங்கிட்ட ஏம்ல வரல?"

அந்த நீர்மூழ்கியைப் பற்றி அவள் கேட்டிருந்தால், எந்தத் துறைமுகத்துக்கு எந்த நாள் திரும்பியது, கரையில் யார் பூவோடு நின்றார்கள் என்று மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.